கேபினெட்டில் இல்லாத கார்டு

நம் பள்ளித் தோழிகளின் போன் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "உங்க வீட்டுல பெருசா ஒரு கம்ப்யூட்டர் வாங்குனீங்களே, நாங்கல்லாம் வரிசையா வந்து பாத்தோமே, அதுலேர்ந்து என்னமோ கேம் கார்டை ஒருத்தன் திருடிட்டான்னு நீ அழுதியே, அந்த ஆள் அப்புறம் மாட்டுனானா?" அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டிருந்தீர்கள். நான் சொன்ன கதையை இத்தனை வருடம் கழித்தும் அப்படியே வைத்திருக்கிறீர்கள். அதைத் திருத்தியிருக்க வேண்டியவள் நான். ஒரு வரியில் பதில் போட முடியாததால் நீளமாக எழுதுகிறேன். நாம் எல்லோரும் வெள்ளெழுத்து வந்தவர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

நாம் பிளஸ் டூ படித்த வருடம் அது. திருத்துறைப்பூண்டியில் தெருவுக்கு ஒருவராவது பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டிருந்தார்கள். என் அண்ணன் அதற்கு இரண்டு வருடம் முன்பே வளைகுடாவுக்குப் போய்விட்டான். அத்தா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக்குள் நுழைந்து சட்டையை ஆணியில் மாட்டினால் போதும், கூடம் முழுக்க உர மூட்டையின் நெடி அடிக்கும்.

கம்ப்யூட்டர் ஆசை எனக்கு வந்தது தஞ்சாவூரில், அத்தாவின் அண்ணனான பெரியத்தா வீட்டில். அவர் மகன் மனமிரங்கி எனக்குப் பத்து நிமிடம் விட்டுக்கொடுத்தான். திரையில் ஒரு சிவப்புக் கார். நான் ஓட்டினேன் என்று சொல்ல முடியாது. கார் விட்டு விட்டு எகிறிப் போனது. ரோடு சாம்பல் பூசின தகடு மாதிரி இருந்தது. பக்கத்தில் கிடந்த கம்ப்யூட்டர் பத்திரிகையில் அதே விளையாட்டின் படம் போட்டிருந்தார்கள். அதில் ரோடு நனைந்திருந்தது. காரின் பின்விளக்கு அந்த ஈரத்தில் சிவப்பாக நீண்டு கிடந்தது. மழை விழுந்துகொண்டிருந்தது.

"இதுல மழை பெய்யலையே?" என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும். அது இல்லாட்டி இப்படித்தான் ஓடும்" என்றான்.

அந்தப் பத்திரிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மன்னார்குடி வருவதற்குள் இரண்டு முறை படித்துவிட்டேன்.

அண்ணன் வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, "காலேஜுக்குப் போவப்போற புள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க" என்று அவனாகவே அத்தாவிடம் சொன்னான். பிறகு என்னிடம், "என்னென்ன சாமான் வேணும்னு நீயே லிஸ்ட் போட்டு வை. கடைக்காரன் கையில வுட்டா அவன்ட்ட மிஞ்சுனதையெல்லாம் மாட்டிக் குடுப்பான்" என்றான்.

லிஸ்ட் போட்ட அந்த ஒரு மாதம் போல நான் பிறகு எதற்கும் படித்ததில்லை. பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி எழுதி அடித்தேன். பிராசசரைத் தேர்ந்தால் அதற்கென்று ஒரு மதர்போர்டு. இரண்டில் ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியாக வேண்டும். படம் காட்டும் வசதி சில போர்டிலேயே இருந்தது, ஆனால் தனிக் கார்டு செருக ஸ்லாட் இருக்காது. இரண்டும் இருக்கிற போர்டாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. பதினேழு இஞ்ச் மானிட்டரைப் பதினைந்தாக இறக்கினேன். அந்த மிச்சத்தில் ரேமை இரட்டிப்பாக்கினேன். கரண்டு கொடுக்கும் பெட்டி சாதாரணமாக இருந்தால் கார்டு திணறும் என்று படித்து, அதற்காக ஸ்பீக்கரைச் சின்னதாக்கினேன். எல்லாமே அந்த ஒரு கார்டுக்காக. முப்பத்திரண்டு எம்.பி. அதன் பெயரை இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

லிஸ்டைப் பார்த்த அத்தா கார்டின் மேல் விரலை வைத்து, "இது எதுக்கும்மா?" என்றார்.

"இன்ஜினியரிங் டிராயிங் போட, அத்தா. இது இல்லாட்டி கோடு கோணலா வரும்."

பொய். வாய் கூசாமல் சொன்னேன். அத்தா தலையாட்டிக்கொண்டு பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பா அறுப்பு முடிகிற சமயம் தஞ்சாவூருக்குப் போனோம். வழியெல்லாம் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருந்தார்கள். பஸ் அதன் மேல் ஏறிப்போகும்போது மெத்தையில் போவது போல இருந்தது. பெரியத்தா மகன் சொல்லியிருந்த கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய தெருவில் இருந்தது. அந்தத் தெருவில் ஏழெட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள், ஒரு டீக்கடை. கடைக்குள் போனதும் புது பிளாஸ்டிக்கும் தெர்மோகோலும் கலந்த ஒரு வாசனை. அதை இன்றும் எங்காவது முகர்ந்தால் ஒரு கணம் பதினேழு வயதாகிவிடுகிறது.

முதலாளி அத்தாவிடம்தான் பேசினார். "பாய், பாப்பாவுக்கு டைப் அடிக்கத்தானே? இந்த மாடலே போதும்."

நான் லிஸ்டை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். உள்ளேயிருந்து வந்தவர் மெக்கானிக். நாற்பது வயது இருக்கும். டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். காதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தார். லிஸ்டை மேலிருந்து கீழே படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

"இது யாருங்க போட்டது?"

"நான்தான்."

"ஒண்ணே ஒண்ணு மாத்திக்குங்க. இந்த ரேமை ரெண்டு துண்டா வாங்காம ஒரே துண்டா வாங்குங்க. பின்னாடி சேத்துக்க எடம் இருக்கும். மத்ததெல்லாம் சரியா இருக்கு" என்றார். என்னை யாரும் அதற்கு முன் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

என் கண் முன்னாலேயே பூட்டினார். வெள்ளிநிறப் பையிலிருந்து கார்டை எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, ஸ்லாட்டில் வைத்து அழுத்தினார். 'டிக்' என்றது. அதன் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த நம்பரை நான் ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு அவரே ஒரு சிடியைப் போட்டார். சிவப்புக் கார் வந்தது. ரோடு நனைந்திருந்தது. மழை பெய்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிராயிங் எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மற்ற சாப்ட்வேர்களை ஏற்றிச் சோதிக்க ஒரு நாள் ஆகும் என்றார்கள். மறுநாள் எனக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அத்தா தனியாகப் போய் ஒரு வேனில் எடுத்துவந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தபோது கூடத்து மேசையில் அது உட்கார்ந்திருந்தது. அம்மா அதன் மேல் ஒரு பூத்துணி போட்டிருந்தார்.

பெரியத்தா மகனிடம் கேட்டு வாங்கியிருந்த கேம் சிடியைப் போட்டேன். கார் வந்தது. எகிறி எகிறிப் போனது. மழை இல்லை.

கேபினெட்டின் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் வயர் வேறு இடத்தில் செருகியிருந்தது. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை இழுத்தேன். கார்டு இருந்த ஸ்லாட் காலியாக இருந்தது.

"அம்மா! கார்டை எடுத்துட்டாங்க!" என்று கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அத்தா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "இரும்மா. பதறாத. போய்க் கேப்போம்" என்றார். அடுத்த நாள் கேட்டேன். "கடையில சரக்கு எறங்குது" என்றார். அதற்கடுத்த நாளும் ஏதோ சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குள் போய் ரசீதில் இருந்த நம்பரைச் சுழற்றினேன். உங்களில் இரண்டு பேர் அப்போது பூத்துக்கு வெளியே நின்றீர்கள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். யாரென்று நான் கேட்கவே இல்லை. "உங்க மெக்கானிக் எங்க கார்டைத் திருடிட்டான். நம்பர் என்கிட்ட இருக்கு. போலீசுல குடுப்போம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். மேசையில் ஏதோ இரும்பை வைக்கிற சத்தம் கேட்டது. "இருங்கம்மா, முதலாளிகிட்ட குடுக்கறேன்" என்றது குரல். முதலாளியிடமும் அதையே சொன்னேன். அவர் எங்களை வரச்சொன்னார்.

அத்தாவால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமை போனோம். கடையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். தெரு கேட்கட்டும் என்றே முதலாளி குரலை உயர்த்தினார். "பாய் வீட்டுப் புள்ள நம்பரோட வந்து நிக்குது. கார்டு எங்கய்யா?"

"நான் திருடலைங்க" என்றார் மெக்கானிக்.

"பூட்டுனது நீ. பேக் பண்ணுனது நீ. அப்ப எங்க போச்சு?"

அவர் திரும்பினார். அத்தாவைப் பார்த்தார். நான் அதை என் கண்ணால் பார்த்தேன். ஏதோ கேட்கிற மாதிரி பார்த்தார். அத்தா கையில் இருந்த ரசீதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மேசைக்கடியில் கிடந்த அவர் பையை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு துண்டு, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு டெஸ்டர். டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார்கள். தயிர்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் இருந்தன. எனக்கு அந்த நிமிடத்தில் இரக்கம் வரவில்லை. எங்கே ஒளித்து வைத்திருப்பான் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கடச் சாவிய வச்சிட்டு வெளிய போய்யா" என்றார் முதலாளி.

மெக்கானிக் காதில் இருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசையில் வைத்தார். சாவியை வைத்தார். சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

"வேற கார்டு தர்றேன் பாய்" என்றார் முதலாளி. அத்தா அவசரமாக, "வேணாங்க, வேணாம். பரீட்ச முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். உங்களிடமும் அப்படித்தான் வந்து சொன்னேன்: திருடன் மாட்டிக்கொண்டான், எங்கள் அத்தா மன்னித்துவிட்டார்.

பரீட்சை முடிந்தது. முடிவு வந்தது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். அத்தா கடையில் இருந்தார். அம்மா பீரோ சாவியைக் கொடுத்து, "உள்ளறையில பட்டா, சிட்டாவோட வச்சிருப்பாரு, பாரு" என்றார். பத்திரக் கட்டுகளுக்குக் கீழே கையைவிட்டபோது ஏதோ மொரமொரவென்றது. வெள்ளிநிறப் பை.

பிரித்தேன். திருப்பிப் பார்த்தேன். ரெக்கார்டு நோட்டைத் தேடி எடுத்து வந்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். கடைசி எண் வரைக்கும் அதேதான். தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து, "என்னடி அது?" என்றார். அவருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே அது தெரிந்தது. வெயிலில் நெடுநேரம் நின்றுவிட்டு நிழலுக்கு வந்தால் கண் இருட்டுமே, அப்படி இருட்டியது.

செருப்புப் போடாமல் கடைக்கு நடந்தேன். அத்தா யாருக்கோ பொட்டாஷ் நிறுத்துக்கொண்டிருந்தார். பையைக் கல்லாமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். வந்தவரை, "கொஞ்சம் பொறுத்து வாங்க" என்று அனுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பெரியத்தா மகன்ட்ட கேட்டேன். டிராயிங்குக்கு இது வேணாம், கேமுக்குத்தான்னான். அப்ப பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் இருந்துச்சு. நீ கடையில அந்தக் காரைப் பாத்த பார்வையைப் பாத்து எனக்குப் பயம் வந்துருச்சு. பரீட்ச முடிஞ்சதும் மாட்டிக் குடுத்துடலாம்னுதான்..."

"அப்ப அந்த ஆளு?"

"அவருதான் கழட்டிக் குடுத்தாரு. நான்தான் கேட்டேன். புள்ளைக்குத் தெரிய வேணாம், தெரிஞ்சா ஒடஞ்சு போயிடும்னு சொன்னேன். 'எனக்கும் பொண்ணு இருக்கு பாய், சொல்ல மாட்டேன்'னாரு."

"அன்னிக்கிக் கடையில ஏன் சும்மா இருந்தீங்க?"

அத்தா பொட்டாஷ் சிந்தியிருந்த தராசுத் தட்டைக் கையால் வழித்தார். "சொல்லணும்னு வாயெடுத்தேன்மா. அதுக்குள்ள பையைக் கவுத்துட்டாரு. அத்தனை பேரு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் வாய் வரல."

என் அத்தாவை ஊரே நியாயஸ்தர் என்று சொல்லும். வாய்க்கால் தண்ணீர்த் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வரும். அந்த மனிதர் ஸ்டூலில் குறுகி உட்கார்ந்து, "வாய் வரல" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது.

மெக்கானிக்கின் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் என்று அத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். மேட்டூரில் இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. தாண்டிய ஆறெல்லாம் மணலாகக் கிடந்தது. நீடாமங்கலத்தில் இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, வாய்க்கால் ஓரமாக இரண்டு மைல் நடந்தோம். அத்தா குடையை விரிக்காமல் கக்கத்திலேயே வைத்துக்கொண்டு நடந்தார்.

ஓட்டு வீடு. மெக்கானிக்கின் மனைவி வெளியே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் முறம் அப்படியே நின்றது.

"அவரு ஊருல இல்லை. சவுதி போயி ஒரு மாசமாச்சு. ஏதோ குடோன்ல பெட்டி தூக்குறாரு."

"எலெக்ட்ரானிக்ஸ் வேலை..." என்று அத்தா இழுத்தார்.

"அந்தத் தெருவுல ஏறி எறங்காத கட இல்லை. திருட்டுப் பட்டம் கட்டுன ஆளுக்கு எவன் சாவியக் குடுப்பான்?"

அத்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தப்பு என்னோடது என்று இரண்டு முறை சொன்னார். அந்த அம்மா அவரைக் கோபிக்கவில்லை. "எனக்குத் தெரியும். வேல போயி வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "போன் பண்ணுனது நீதானா? அன்னிக்குப் போனை எடுத்தது அவருதான், தெரியுமா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. 'இருங்கம்மா, முதலாளிகிட்ட குடுக்கறேன்.' அவரைத் திருடன் என்று நான் அவரிடமேதான் சொல்லியிருக்கிறேன். அவர்தான் அந்த ரிசீவரைக் கொண்டுபோய் முதலாளி கையில் கொடுத்திருக்கிறார். வாசல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அவரு மன்னிச்சிருப்பாரு. நான் மன்னிக்கல. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு மணிக்கு அடுத்த வீட்டுக்குப் போன் பண்ணுவாரு. இருந்து பேசுறதுன்னா பேசுங்க" என்றார்.

அன்று அத்தா ஜும்மா தொழுகைக்குப் போகவில்லை. என் நினைவு தெரிந்து அவர் அதைத் தவறவிட்டது அன்று ஒரு நாள்தான். அடுத்த வீட்டுக் கூடத்தில் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. மனைவி பேசினார். பிள்ளைகளைப் பற்றி, வந்த கடிதத்தைப் பற்றி. பிறகு ரிசீவரை அத்தாவிடம் கொடுத்தார். அத்தா, "தம்பி..." என்றார். ரிசீவரை என் கையில் திணித்தார்.

"நான்தாங்க. லிஸ்ட் போட்டவ. கார்டு கெடச்சிருச்சு. தெரியாம... நான்..." என்று உளறினேன்.

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம். "மாட்டிட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க."

"மாட்டுங்க. சும்மா கெடந்தா வீணாப் போயிடும்." ஒரு வண்டி ஹாரன் அடித்துக் கடந்தது. "ஒண்ணே ஒண்ணுங்க. பாயை முதலாளிகிட்ட போயி சொல்லச் சொல்லுங்க. நாளைக்கு நான் ஊருக்கு வந்தா அந்தத் தெருவுல நடக்கணும்ல?"

லைன் அறுந்துவிட்டது.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நீடாமங்கலத்திலேயே தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடித்தோம். நாலு மணிக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். காதில் ஸ்க்ரூடிரைவர் இல்லாத வேறொரு மெக்கானிக் உள்ளே இருந்தார். அத்தா வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே முழுவதையும் சொன்னார். முதலாளி ஒரு மானிட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஓ, அப்படியா? சரி விடுங்க பாய், பழைய கதை. இப்ப வந்திருக்கவரு அவரவிட வேகம். பிரிண்டர் ஏதும் பாக்குறீங்களா?"

எனக்கு அடித்துப் போட்டது மாதிரி இருந்தது. ஒரு மனிதன் கடல் தாண்டிப் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறான், இவருக்கு அது பழைய கதை. அத்தாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கடைக்குள் ஏறினார்.

"அந்தக் கடையில இருந்த மெக்கானிக்கு திருடல. நான்தான் கழட்டி வாங்கினேன். நான்தான் சொல்லாம இருந்துட்டேன்" என்றார். அந்தக் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு பாய் நீங்க? என்ன வேணும்?" என்றார். அத்தா மறுபடியும் அதையே, இன்னும் நிதானமாகச் சொன்னார். பிறகு அடுத்த கடை. பிறகு டீக்கடை. கண்ணாடி டம்ளரோடு நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரித்தான். அத்தா அவனைப் பார்த்தும் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினேன். என் அத்தா இப்படித் தெருவில் நின்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை.

நாலாவது இடத்தில், கேசட் கடையில், அத்தா வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. கடைக்காரப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் முன்னால் வந்தேன்.

"அவரைத் திருடன்னு சொன்னது நான்" என்றேன். "அவர் திருடல."

தெருவில் இன்னும் நான்கு கடைகள் இருந்தன. அவற்றில் எல்லாம் நானே சொன்னேன்.